நெல் அறுத்த பிறகு உழவு: வயலில் தங்கிவிடும் பூஞ்சாணத்தை என்ன செய்வது?

மேலூர்ப் பக்கம், பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனத்தில், ஒன்றரை ஏக்கரில் ஆந்திரா பொன்னி ரக நெல் நட்ட ஒருவர் கேட்டிருக்கிறார். தூர் கட்டி முடியும் தறுவாயில் இலையுறைக் கருகல் வந்திருக்கிறது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வயலின் பள்ளமான பகுதியில் அடித்தண்டு அழுகிப் பயிர் சாய்ந்திருக்கிறது. மார்கழிப் பனியில் கதிர்க் கழுத்திலும் குலை நோய் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. மூன்று முறை மருந்து அடித்தும் மனநிறைவு இல்லை. இப்போது இயந்திரம் வைத்து அறுத்தாகிவிட்டது. தாளைக் கொளுத்திவிடலாமா, ரோட்டவேட்டர் ஓட்டி மடக்கிவிடலாமா, சட்டிக் கலப்பையால் ஆழ உழலாமா, எதை எப்போது செய்தால் அடுத்த போகத்தில் நோய் குறையும் என்பது அவருடைய கேள்வி.

உங்கள் கேள்வியில் நல்ல அம்சம், அதை நீங்கள் கேட்டிருக்கும் நேரம். பலர் இதே கேள்வியை ஐப்பசியில், பயிரில் புள்ளி கண்ட பிறகு கேட்கிறார்கள். அப்போது உழவைப் பற்றிப் பேசிப் பயனில்லை. தை கடைசியிலும் மாசியிலும் வயல் காலியாகி, ஆவணி புரட்டாசி வரை மண் உங்கள் கையில் இருக்கும் இந்த ஆறேழு மாதம்தான் பூஞ்சாணத்தை அதன் இருப்பிடத்திலேயே குறைப்பதற்குக் கிடைக்கும் காலம்.

எந்தக் கலப்பை என்று முடிவு செய்வதற்கு முன், வயலில் இப்போது என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நீங்கள் சொன்ன மூன்று நோய்களும் மூன்று வெவ்வேறு பூஞ்சாணங்களால் வருகின்றன. அறுவடைக்குப் பிறகு அவை தங்கும் இடமும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் 'கோடை உழவு போட்டால் நோய் போய்விடும்' என்று பொதுவாகச் சொல்வதால்தான், சிலருக்கு அது பலித்தும் சிலருக்குப் பலிக்காமலும் போகிறது.

தண்டழுகலில் தொடங்குவோம், ஏனென்றால் அதைக் கண்ணால் பார்க்க முடியும். வயலில் பயிர் சாய்ந்த பகுதிக்குப் போய், அறுத்த தாள் ஒன்றை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறிவிட்டு, அடியிலிருந்து நான்கு விரற்கடை உயரத்துக்குக் கத்தியால் நெடுக்காகப் பிளந்து பாருங்கள். நல்ல தூராக இருந்தால் உட்புறம் வெளுத்த மஞ்சளாக, வழவழப்பாக இருக்கும். நோய் கண்ட தூராக இருந்தால் உட்சுவர் கறுத்து, அதில் வெடிமருந்துத் தூளைத் தூவியது போலப் பளபளப்பான கறுப்புப் பொடிமணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். கடுகில் கால்வாசி கூட இராது. விரலால் தேய்த்தால் நெறுநெறுவென்று உருளும். பூஞ்சாண இழைகள் இறுகிக் கெட்டியான இழைமுடிச்சுகள் அவை. உணவும் ஈரமும் இல்லாவிட்டாலும் பல மாதங்கள், வறண்ட மண்ணில் ஆண்டுக்கணக்கில்கூட, உயிரோடு கிடந்து, அடுத்த முறை நீர் கட்டித் தொளி அடிக்கும்போது (நடவுக்காகச் சேறாக உழும்போது) மிதந்து, புது நாற்றின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆக, தண்டழுகலின் இருப்பு பெரும்பாலும் தாளின் அடிக்கட்டைக்குள்தான் இருக்கிறது.

இலையுறைக் கருகலின் பூஞ்சாணமும் இழைமுடிச்சு வைப்பதுதான். ஆனால் அது முடிச்சைத் தண்டுக்குள் ஒளித்து வைப்பதில்லை. இலையுறையின் வெளிப்புறத்தில் முதலில் வெள்ளைப் பஞ்சு போலவும், பிறகு பழுப்பாகவும், கடுகளவிலிருந்து சிறு பயறளவு வரை, ஒழுங்கற்ற வடிவில் உருவாகும் அவை, பயிர் முற்றும்போது லேசாகத் தட்டினாலே உதிர்ந்துவிடும். அறுவடை இயந்திரம் ஓடும் அதிர்விலேயே பெரும்பகுதி மண்ணில் கொட்டிவிடுகிறது. ஆகவே இன்றைக்கு உங்கள் வயலில் அந்த நோயின் இருப்பு தாளில் இல்லை. மேல்மண்ணின் ஓரிரு அங்குலத்தில் இருக்கிறது. தாளை மட்டும் அப்புறப்படுத்தினால் தண்டழுகல் குறையும். இலையுறைக் கருகல் அந்த அளவுக்குக் குறையாது.

குலை நோயின் போக்கு வேறு. அது இழைமுடிச்சு வைப்பதில்லை. வித்துகளாகக் காற்றில் பறக்கும். காய்ந்த வைக்கோலிலும் விதையிலும் தங்கும். மண்ணுக்குள் ஈரத்தில் புதைந்த வைக்கோலில் வெகு விரைவில் செத்துவிடும். ஆனால் நம் ஊரில் அது வைக்கோலையே நம்பியிருக்க வேண்டியதில்லை. அறுத்த தாளிலிருந்து துளிர்க்கும் மறுதாம்பும், வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் நிற்கும் இஞ்சிப்புல் போன்ற புற்களும் அதற்கு ஆண்டு முழுவதும் பச்சை இடம் கொடுக்கின்றன. குலை நோய்க்கு உழவு செய்யும் உதவி அந்தப் பச்சையை அழிப்பதும், தாளையும் சிந்திக் கிடக்கும் வைக்கோலையும் மண்ணுக்குள் தள்ளுவதும்தான். அடுத்த வயலிலிருந்து பறந்து வரும் வித்தை எந்தக் கலப்பையாலும் தடுக்க முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இனி நீங்கள் கேட்ட மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

கொளுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சுற்றுச்சூழல் காரணம் எல்லோருக்கும் தெரிந்தது. நோய்க் கணக்கிலேயே அது சரியான வழியில்லை. மேலே கிடக்கும் வைக்கோல் எரியும்போது வெப்பம் மண்ணுக்குள் இறங்குவது ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான். ஈரமாக நிற்கும் அடிக்கட்டை பாதி கருகி நின்றுவிடும். அதற்குள் இருக்கும் முடிச்சுகள் பிழைத்துவிடும். வைக்கோலில் உள்ள தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறத்தாழ முழுவதும் புகையாகப் போகிறது. ஒரு டன் வைக்கோலில் 14 முதல் 20 கிலோ வரை சாம்பல் சத்தும் (பொட்டாஷ்), அதைவிடக் கூடுதலாக மணற்சத்தும் (சிலிக்கா) இருக்கின்றன. இந்த இரண்டும்தான் நெல்லின் தண்டையும் இலைத்தோலையும் உறுதியாக்குபவை. சாம்பல் சத்துக் குறைந்த மண்ணில் தண்டழுகலும் செம்புள்ளியும் அதிகமாக வருவதை வயலுக்கு வயல் காணலாம். கொளுத்திய சாம்பலில் சாம்பல் சத்து மிஞ்சும் என்றாலும், காற்றிலும் முதல் மழையிலும் அது வரப்பைத் தாண்டிப் போய்விடுகிறது.

ரோட்டவேட்டர் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்று அனைவரும் அதைத்தான் ஓட்டுகிறார்கள். ஒரே ஓட்டத்தில் வயல் மாவு போலாகிவிடும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது மண்ணைப் புரட்டுவதில்லை. மேல் நான்கைந்து அங்குல மண்ணைக் கலக்குகிறது, அவ்வளவுதான். மேலே கிடந்த முடிச்சுகள் அந்த நான்கைந்து அங்குலத்துக்குள் சீராகப் பரவுகின்றன. அடுத்த தொளி உழவு எட்டுகிற ஆழமும் அதுவே. நோய் ஒரு மூலையில் மட்டும் இருந்த வயலில் ரோட்டவேட்டரை நெடுக ஓட்டினால், மூலையில் இருந்ததை வயல் முழுவதும் விதைத்தது போலாகும். ஒவ்வோர் ஆண்டும் அதையே ஓட்டினால் அடியில் மண் இறுகி, வேர் இறங்காமல், பயிர் மேலும் நலிகிறது. தாளைப் பொடியாக்க வேண்டிய நேரத்தில் அது நல்ல கருவி. நோயுற்ற வயலில் அறுவடை முடிந்ததும் ஓட்டும் முதல் உழவாக அது இருக்கக் கூடாது.

உங்கள் வயலுக்கு நான் சொல்வது, இந்தக் கோடையில் ஒரு முறை மட்டும் மண்ணைப் புரட்டிப் போடும் உழவு. சட்டிக் கலப்பையோ இறக்கைக் கலப்பையோ கிடைப்பதைப் பயன்படுத்தலாம். கொக்கிக் கலப்பை மண்ணைக் கிளறும், ஆனால் புரட்டாது. இந்த வேலைக்கு அது போதாது. மேல் இரண்டு அங்குல மண் அடிக்குப் போய், அடிமண் மேலே வர வேண்டும் என்பதே நோக்கம். இழைமுடிச்சு ஆழத்தில் புதைந்தால் அதன் அருகே பயிரின் அடித்தண்டு இருக்காது, மிதந்து வரவும் வழியிருக்காது. அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிறுகச் சிறுகத் தின்னும்.

எவ்வளவு ஆழம் என்பதில் நன்செய்க்கும் புன்செய்க்கும் பெரிய வேறுபாடு உண்டு. நெல் வயலில் பல ஆண்டுத் தொளி உழவால் அரையடிக்குச் சற்றுக் கீழே ஓர் இறுகிய படை உருவாகியிருக்கும்; நீர் நிற்பது அதனால்தான். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் அந்தப் படையை உடைத்துவிட்டால், கால்வாயில் முறை வைத்து வரும் தண்ணீர் இரண்டே நாளில் இறங்கிவிடும். நோயை விரட்டப் போய்த் தண்ணீரை இழந்த கதையாகும். எனவே படைக்கு மேல் நிற்கும் வரை, ஏறத்தாழ ஆறு அங்குலம் போதும். டிராக்டர் ஓட்டுபவரிடம் இதை முன்கூட்டியே சொல்லி, முதல் சாலில் குச்சி விட்டு ஆழம் பார்த்த பிறகே மேற்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். திருமங்கலம், கள்ளிக்குடி, பேரையூர்ப் பக்கம் மானாவாரியில் சோளமும் மக்காச்சோளமும் போடுபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை உளிக் கலப்பையை அரை மீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக ஓட்டி, இறுகிய அடிமண்ணை உடைப்பது நல்லதே.

எப்போது என்பது எந்தக் கலப்பை என்பதைவிடப் பெரிய கேள்வி. அறுவடை முடிந்து மண்ணில் கடைசி ஈரம் இருக்கும்போது, கையில் எடுத்துப் பிடித்தால் உருண்டையாகி, விட்டால் உதிர்கிற பதத்தில் உழ வேண்டும். அந்தப் பதம் போய்விட்டால் பங்குனி வெயிலில் மண் பாறையாகிவிடும். கலப்பை இறங்காது, இறங்கினாலும் ஆளுயரக் கட்டிதான் வரும். இயந்திரம் வயலை விட்டு இறங்கிய நாளிலிருந்து பத்து நாளுக்குள் முடித்துவிடுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். தாமதிக்கிற ஒவ்வொரு வாரமும் மறுதாம்பு துளிர்த்துக் குலை நோய்க்கு இடம் கொடுக்கிறது என்பது இன்னொரு காரணம்.

அப்படி உழுத வயலைப் பரம்படித்துச் சமப்படுத்தாமல், கட்டியும் புழுதியுமாக வெயிலுக்கு விட்டுவிட வேண்டும். 'சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம்' என்று நம்மவர்கள் சொல்வதன் உண்மை இங்கே இருக்கிறது. ஆனால் வெயில் மட்டுமே பூஞ்சாணத்தைக் கொல்கிறது என்று எண்ணுவது முழு உண்மையல்ல. நன்றாகக் காய்ந்த முடிச்சு வறண்ட வெப்பத்தை ஓரளவு தாங்கிக்கொள்ளும். அதைக் கொல்வது, காய்ந்த பிறகு நனைவது. சித்திரையிலும் வைகாசியிலும் வரும் கோடை மழையில் நனைந்ததும், காய்ந்து சுருங்கிய முடிச்சின் தோல் வெடித்து, உள்ளிருக்கும் சத்து கசியும். அந்தக் கசிவை மண்ணிலுள்ள பாக்டீரியாவும் டிரைக்கோடெர்மா போன்ற நல்ல பூஞ்சாணங்களும் மோப்பம் பிடித்து வந்து, முடிச்சையே அழித்துவிடும். இரண்டு மூன்று முறை இப்படிக் காய்ந்து நனைந்தால் முடிச்சின் இருப்பு கணிசமாகக் குறைகிறது. புரட்டிய மண் இந்தக் காய்தலையும் நனைதலையும் ஆழம் வரை அனுமதிக்கிறது. தாளோடு இறுகிக் கிடக்கும் மண்ணில் மழை மேலாக ஓடிவிடுகிறது. எனவே முதல் கோடை மழைக்குப் பிறகு, பதம் பார்த்து, கொக்கிக் கலப்பையால் மேலாக ஓர் உழவு போட்டு, மறுபடி காயவிடுங்கள். இந்த இரண்டாம் உழவு ஆழமாக இருக்கவே கூடாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு என் சொந்த அனுபவம் காரணம். பல ஆண்டுகளுக்கு முன், வாடிப்பட்டிப் பக்கம் ஒரு வயலுக்கு ஆழப் புரட்டல் சொன்னேன். அடுத்த போகம் இலையுறைக் கருகல் வெகுவாகக் குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் மறு கோடையிலும் அதையே செய்யச் சொன்னேன். அந்த ஆண்டு நோய் திரும்பி வந்தது. முதல் ஆண்டு புதைத்ததையெல்லாம் இரண்டாம் ஆண்டு நானே மேலே எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்பது பிறகுதான் புரிந்தது. அடியில் போன முடிச்சுகள் அங்கேயே அழிவதற்கு இரண்டு ஆண்டாவது வேண்டும். ஆகவே ஒரு கோடையில் புரட்டினால், அடுத்த இரண்டு கோடைகளில் மேலோட்டமான உழவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

தாளை என்ன செய்வது? உங்கள் வயலில் தண்டழுகல் வந்த பகுதியையும் வராத பகுதியையும் பிரித்துப் பாருங்கள். வந்த பகுதியில் தாளை அடியோடு வெட்டி அல்லது பிடுங்கி வெளியே எடுத்து, குவித்து மக்க வைப்பதே நல்லது. குவியல் சரியாகச் சூடேறினால் 55 முதல் 60 டிகிரி வரை போகும், அந்த ஈரச் சூட்டில் முடிச்சுகள் பிழைப்பதில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பயோமினரலைசர் என்ற, கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்க் கலவையை ஒரு டன் கழிவுக்கு 2 கிலோ என்ற அளவில் சேர்த்து, குவியலை நனைத்து, இரு வாரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட்டால் மக்குவது விரைவாகும். ஒன்றரை ஏக்கரில் நோயுற்ற பகுதி பத்துப் பன்னிரண்டு சென்ட் இருக்கும் என்றால் இது ஆள் வைத்துச் செய்யக்கூடிய வேலைதான். மீதி இடத்துத் தாளை மண்ணிலேயே மடக்கிவிடலாம். வைக்கோலில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்துக் குறைவு. மக்கும் காலத்தில் அது மண்ணிலுள்ள தழைச்சத்தைத் தற்காலிகமாகப் பிடித்துக்கொள்ளும். இப்போது மடக்கினால் நடவுக்குள் அது விடுபட்டுவிடும். நடவுக்குப் பத்து நாளுக்கு முன் மடக்கினால், இளம் நாற்று மஞ்சளாகி, வேர் கறுத்து, நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

ஊர் ஊராக ஆட்டு மந்தை ஓட்டிச் செல்லும் கீதாரிகள் வரும் பகுதிகளில், உழுவதற்கு முன் இரண்டு மூன்று இரவு கிடை போடுவது, அதாவது ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பது, நான் பெரிதும் விரும்பும் முறை. ஆடுகள் மறுதாம்பைக் கடித்துவிடும், வரப்புப் புல்லை மேய்ந்துவிடும், புழுக்கையும் சிறுநீரும் தாள் மக்குவதற்கு வேண்டிய தழைச்சத்தைத் தந்துவிடும். கிடை எழுந்த உடனே உழுதுவிட வேண்டும் என்பது மட்டும் முக்கியம்.

வரப்பை மறந்துவிட வேண்டாம். வயலை ஆழ உழுது, வரப்பில் அருகம்புல்லும் இஞ்சிப்புல்லும் அப்படியே நின்றால், இலையுறைக் கருகலும் குலை நோயும் அங்கேயே குடியிருந்து, நடவானதும் ஓரத்து வரிசையில் முதலில் இறங்கும். நோய் எப்போதும் வரப்போரத்திலிருந்து உள்ளே வந்தது என்று நீங்கள் கவனித்திருந்தால் காரணம் இதுதான். தொளி அடிக்கும் முன் வரப்பைச் செதுக்கி, அண்டை கட்டிச் சேறு பூசுவதை நம் பெரியவர்கள் அழகுக்காகச் செய்யவில்லை.

கோடையில் வேறு பயிர் போடலாமா என்றும் கேட்பீர்கள். இலையுறைக் கருகலின் பூஞ்சாணம் நெல்லை மட்டும் தின்பதன்று. உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், கரும்பு என்று பலவற்றில் வாழும். எனவே நெல்தரிசில் உளுந்து போட்டால் மண்ணுக்கு நல்லது, வீட்டுக்கு வருமானம். ஆனால் அந்தப் பூஞ்சாணம் பட்டினி கிடக்கும் என்று எண்ணக் கூடாது. தண்ணீர் வருவதற்கு இரண்டு மாதம் முன், கோடை மழை ஈரத்தில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூப்பதற்கு முன் 45 நாளில் மடக்குவதைத்தான் இந்த வயலுக்கு நான் தேர்ந்தெடுப்பேன். அது மக்கும்போது மண்ணில் பெருகும் நுண்ணுயிர்க் கூட்டம் மிச்சமுள்ள முடிச்சுகளைக் கவனித்துக்கொள்ளும்.

இருபோகப் பாசனத்தில், அதாவது பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள 45,041 ஏக்கரில் இருப்பவர்களுக்கு இந்த வசதி முதல் போகத்துக்கும் இரண்டாம் போகத்துக்கும் நடுவே கிடைக்காது. அங்கே சில வார இடைவெளிதான் இருக்கிறது. அவர்கள் இயந்திரத்தின் வெட்டுக்கத்தியைத் தாழ்த்தி அறுக்கச் சொல்லி, வைக்கோலை வெளியேற்றி, குட்டைத் தாளை மட்டும் மடக்கி, மூன்று வாரமாவது ஆறவிட்டு நட வேண்டும். புரட்டும் உழவை இரண்டாம் போகம் முடிந்த கோடைக்கு வைத்துக்கொள்ள வேண்டும்.

கம்பும் சோளமும் போடும் உசிலம்பட்டிப் பக்கத்தவர்களுக்கு ஒரு சொல்: அடிச்சாம்பல் நோயின் உறங்கும் வித்துகள், இலை நாராகக் கிழிந்து விழும்போது மண்ணில் சேர்கின்றன, தேன் ஒழுகல் நோயின் கடினக் கட்டிகளும் கதிரடியில் உதிர்கின்றன. இரண்டுக்கும் ஆழப் புரட்டல் நன்றாகவே உதவும். ஆனால் தேன் ஒழுகல் கட்டி விதையோடும் கலந்து வருவதால், 10 லிட்டர் தண்ணீரில் ஒரு கிலோ உப்பைக் கரைத்து அதில் விதையைப் போட்டு, மிதப்பதை நீக்கி, இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் கழுவிய பிறகே விதைக்க வேண்டும்.

உழவால் ஆகாததையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆந்திரா பொன்னி குலை நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகம். அதையே விட மனமில்லை என்றால், விதையைக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி கலந்து நேர்த்தி செய்யுங்கள். அதோடு பூஞ்சாணக் கொல்லியைச் சேர்க்க வேண்டாம், இரண்டில் ஒன்று மட்டும் போதும். யூரியாவை மொத்தமாகக் கொட்டாமல் நான்கு முறையாகப் பிரித்து இடுங்கள். இலையுறைக் கருகல் வந்த வயலில் எக்டருக்கு 150 கிலோ வேப்பம் பிண்ணாக்கும், நட்ட 30 நாளில் இரண்டரைக் கிலோ சூடோமோனாஸை 50 கிலோ தொழு உரத்தில் கலந்து தூவுவதும் உழவின் பலனை நிலைநிறுத்தும். டிரைக்கோடெர்மாவைக் கோடையில் காய்ந்த புழுதியில் தூவிப் பணத்தை வீணாக்க வேண்டாம். மழை பெய்து மண் ஈரமான பிறகு தொழு உரத்தோடு இட்டால்தான் அது உயிர் பிடிக்கும்.

கடைசியாக, தண்ணீர் திறந்து தொளி அடிக்கிற நாளன்று ஒரு வேலை இருக்கிறது; அதை ஆளிடம் விடாமல் நீங்களே செய்யுங்கள். பரம்படித்து நீர் தெளிந்ததும், காற்று தள்ளுகிற மூலைக்குப் போய்ப் பாருங்கள். அங்கே வரப்போரமாகப் பழுப்பு நுரையும் மக்கிய தாள் துணுக்கும் சருகும் ஒரு முழ அகலத்துக்கு ஒதுங்கியிருக்கும். அதில் ஒரு கை அள்ளி வெள்ளைத் துணியில் பரப்பினால் கறுப்புப் பொடிமணிகளும் பழுப்புக் கடுகுகளும் கண்ணில் படும். கோடை உழவுக்குத் தப்பிய முடிச்சுகளில் பெரும்பகுதி அந்த மூலையில்தான் கூடியிருக்கும். பழைய கொசுவலைத் துணியை ஒரு வளையத்தில் கட்டி, அதை முழுவதும் அரித்து எடுத்துவிடுங்கள். மறுநாள் காலையிலும் ஒரு முறை பாருங்கள். எடுத்ததை வரப்பின் மேல் கொட்டினால் முதல் மழையில் அது வயலுக்கே திரும்பிவிடும். வயலுக்கு வெளியே, தண்ணீர் ஓடாத மேட்டில் குழி வெட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்து, அதன் பிறகு நாற்றை இறக்குங்கள்.